வெறும் வாயை மெல்லும் நாய்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்கள் நாட்டு நாய் ஜிம்மிக்கு மூன்று வயது, ஆண். மூன்று வாரமாக வாயில் ஒன்றும் இல்லாமலே மெல்லுகிறான், பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன, சில நேரம் நுரையும் வருகிறது. சாப்பாடு, ஓட்டம் எல்லாம் பழையபடிதான். பக்கத்து வீட்டு அண்ணன், வெறி பிடிக்கப்போகிறது என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அண்ணன் பயப்படுவதில் தவறில்லை, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்த நாய் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது. மூன்று வாரமாகச் சோறு தின்று ஓடியாடுகிற நாய்க்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் அவன் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்காதீர்கள். வெறிநோயில் ஆக்ரோஷமே இல்லாத வகை ஒன்று உண்டு. தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். எலும்பை எடுக்கப் போய் எச்சிலில் கை நனைத்தவர்கள் உண்டு. எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஜிம்மிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் தேடி வையுங்கள்.

இனி அந்த மெல்லுதல். வாயை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. அது எப்போது வருகிறது, அந்த நேரத்தில் உடம்பின் மற்ற பாகம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேறு நாய் சிறுநீர் கழித்த இடத்தை நக்கியவுடன் பல் அடித்துக்கொண்டு லேசாக நுரை தள்ளினால் கவலை வேண்டாம். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் வாசனை அறியும் தனி உறுப்பு ஒன்று இருக்கிறது. வாசனையை அதற்குள் செலுத்தத்தான் அந்த அசைவு. ஆண் நாய்களிடம் அதிகம் பார்க்கலாம். மார்கழிக் குளிரில் தாடை நடுங்குவதும் அப்படியே, விட்டுவிடலாம்.

சாப்பிடும்போதோ அதன் பிறகோ வந்தால் பல்லைச் சந்தேகப்படுங்கள். கறிக்கடை எலும்பைக் கடித்து மேல் கடைவாய்ப்பல் பிளந்திருக்கலாம், எலும்புத் துண்டு மேலண்ணத்தில் குறுக்கே மாட்டியிருக்கலாம். ஒரே பக்கமாக மெல்லுவான், முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பான், வாய் நாறும். வலி இருந்தும் நாய்கள் வழக்கம்போலத் தின்னும் என்பதால் ‘நன்றாகச் சாப்பிடுகிறான்’ என்ற சாட்சியை நான் முழுதாக நம்புவதில்லை. உதட்டை நக்கி நக்கி விழுங்கிப் புல்லையும் மேய்ந்தால் அது குமட்டல்.

மழை இரவில் திடீரென்று நுரை பொங்கினால் தேரையைக் கவ்வியிருப்பான். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி பக்கவாட்டில் வாயைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தோட்டத்தில் மருந்து அடித்த நாளில் எச்சிலோடு நடுக்கமும் வாந்தியும் கண்டால் காத்திருக்கவே கூடாது. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, படுத்திருக்கும்போது காரணமில்லாமல் வரும் மெல்லுதல்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பாமல் வெறித்துப் பார்த்தால், முகத்தின் ஒரு பக்கம் துடித்தால், முடிந்தபின் சிறிது நேரம் திக்குத் தெரியாமல் நடந்தால் அது வலிப்பாக இருக்கலாம். கைகால் உதறாமல் முகத்தில் மட்டும் வரும் வலிப்பும் உண்டு, அதில் நினைவு தப்பாமலும் இருக்கலாம். நாய்களுக்கு வரும் வைரஸ் தொற்றான டிஸ்டம்பர் நோயில் இந்த மெல்லும் வலிப்பு நன்றாகத் தெரிந்த ஒன்று. காய்ச்சலும் சளியும் ஆறிப்போன சில வாரங்கள் கழித்துக்கூட அது தலைகாட்டும். ஜிம்மிக்கு அண்மையில் அப்படி எதுவும் வந்ததா, டிஸ்டம்பர் தடுப்பூசி போட்டீர்களா என்பது முக்கியம். வலிப்பின்போது வாயில் இரும்போ கரண்டியோ வைக்காதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது, உங்கள் விரல்தான் போகும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ அவசரம்.

அடுத்த முறை வரும்போது போனில் வீடியோ எடுங்கள், முழு உடம்பும் தெரியும்படி. மருத்துவரின் மேசையில் ஏறியதும் எல்லா நாயும் சமர்த்தாகிவிடும், அங்கே மெல்லிக் காட்டாது. நேரத்தையும் அதற்கு முன் நடந்ததையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சேலத்துக்கு இறங்குவதானால் கிளம்புமுன் சோறு வைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டி அவன் வடிக்கும் எச்சில், மருத்துவரைத் தேவையில்லாமல் குழப்பும்.