கட்-ஆஃப் 183.5: எந்த இடம் கிடைக்கும்?

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளும், அதன் இணைப்புக் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இந்த ஒரே கலந்தாய்வில்தான் நிரம்புகின்றன. 2018 வரை பல்கலைக்கழகம் நடத்திய இதை 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது.

என் மகள் கணக்கில் 94, இயற்பியலில் 91, வேதியியலில் 88. உறவினர் பையன் 96, 85, 90. மூன்று பாடக் கூட்டுத்தொகையில் மகள்தான் கூடுதல். ஆனால் தரவரிசையில் அவன் முன்னால் இருக்கிறான். தவறு நடந்திருக்குமா?
– ஒரு தாய், விருதுநகர்

தவறு இல்லை. கட்-ஆஃப் கணக்கில் கணிதம் 100க்கு அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி தலா 50க்கு வரும். உங்கள் மகளுக்கு 94 + 45.5 + 44 = 183.5. அந்தப் பையனுக்கு 96 + 42.5 + 45 = 183.5. இருவரும் சமம். சமமானால் முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதனால் 96 எடுத்தவர் முன்னால் போய்விட்டார். கணக்கும் சமமானால் இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம் என்று போகும். பிறந்த தேதி வரை வந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றாக இருந்தால்தான், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண். அதில் பெரிய எண் வைத்திருப்பவர் முந்துவார். ரேண்டம் எண் சிறியதாக வந்துவிட்டதே என்று பலர் வருந்துகிறார்கள். அது பெரும்பாலானோருக்குப் பயன்படுவதே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மறுமதிப்பீட்டில் கணக்கில் 2 மதிப்பெண் ஏறினால் கட்-ஆஃப் 2 ஏறும். வேதியியலில் 2 ஏறினால் 1தான் ஏறும். கட்-ஆஃப் அரை அரையாகத்தான் நகரும் என்பதால், ஒவ்வொரு அரை மதிப்பெண்ணிலும் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். விடைத்தாள் நகல் வாங்குவதென்றால் முதலில் கணக்குத் தாளை வாங்குங்கள். மதிப்பெண் மாறினால் அதைக் கலந்தாய்வு விண்ணப்பத்திலும் சேர்க்கச் சொல்லி உடனே சேவை மையத்தில் தெரிவியுங்கள். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகும் குறை சொல்வதற்கென்று சில நாட்கள் தருவார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் பழைய மதிப்பெண்ணே நிற்கும்.

கடந்த ஆண்டு ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 184க்கு முடிந்தது. எனக்கு 185.5. இந்த ஆண்டு கண்டிப்பாகக் கிடைக்கும்தானே?
– பிளஸ் டூ மாணவர், ஈரோடு

அப்படி நம்பி இருக்க வேண்டாம். 184 என்பது அந்தக் கல்லூரி விதித்த தகுதி மதிப்பெண் அல்ல. கடந்த ஆண்டு அங்கே கடைசியாக இடம் பெற்ற ஒருவரின் மதிப்பெண். பொறியியலில் சேர விதிப்படி வேண்டிய தகுதி மிகக் குறைவு. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம். மற்றதெல்லாம் போட்டி.

போட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கணக்குத் தாள் எளிதாக வந்த ஆண்டில் 190க்கு மேல் எடுத்தவர்கள் கூடிவிடுவார்கள். அப்போது அதே 185.5க்குத் தரவரிசை ஆயிரக்கணக்கில் பின்னுக்குப் போகும். தாள் கடினமாக வந்தால் நேர்மாறு. எனவே மதிப்பெண்ணை மறந்துவிட்டு, கடந்த ஆண்டு அந்தப் பிரிவில் உங்கள் சமூகப் பிரிவுக்குக் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை எண்ணைப் பாருங்கள். உங்கள் இந்த ஆண்டுத் தரவரிசையை அதோடு ஒப்பிடுங்கள். தரவரிசை இன்னும் வராத நாட்களில் கிடைக்கும் 'கல்லூரிக் கணிப்பு'கள் எல்லாமே பழைய மதிப்பெண்ணை வைத்துச் சொல்பவை. அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தரவரிசையும் முழுப் பாதுகாப்பு இல்லை. இடங்களின் எண்ணிக்கை மாறும். ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25 முதல் நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நீக்கியது. கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் இடம் கூட்டிய கல்லூரியில், கடைசித் தரவரிசை கீழே இறங்குவது இயல்பு. அதைக் கல்லூரியின் தரம் இறங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று ஆண்டுகளின் பட்டியலை எடுத்து, இடங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். பொதுச் சுற்றுகள் முடிந்தபின் மீதி இடங்களுக்கு நடக்கும் துணைக் கலந்தாய்வில் நிரம்பிய இடத்தின் மதிப்பெண் இதில் கலந்திருந்தால் படம் தப்பாகத் தெரியும். பொதுச் சுற்றுகளின் கணக்கை மட்டும் எடுங்கள்.

பி.சி. என்று சான்றிதழ் கொடுத்தால் 26.5 சதவீத இடங்களுக்குள் மட்டும்தான் போட்டியிட முடியுமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

இல்லை. 69 சதவீதம் இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.-டி.என்.சி. 20, எஸ்.சி. 15, எஸ்.சி. அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 சதவீதம் எல்லாருக்கும் பொதுவானது. முன்னேறிய வகுப்பினருக்கு மட்டும் ஒதுக்கியது அல்ல. உங்கள் பையனின் முறை வரும்போது பொது இடம் இருந்தால் முதலில் அதையே தருவார்கள், இல்லாவிட்டால்தான் பி.சி. இடம். சான்றிதழ் கொடுப்பதால் நஷ்டம் எதுவும் கிடையாது. முன்னேறிய வகுப்பில் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவீத இ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீடு இந்தக் கலந்தாய்வில் இல்லை.

விருப்பப் பட்டியலில் கிடைக்கிற கல்லூரியை முதலில் போட வேண்டுமா, ஆசைப்படும் கல்லூரியையா? எத்தனை போடலாம்?
– மாணவி, திருநெல்வேலி

ஆசைப்படுவதையே முதலில் போடுங்கள். கலந்தாய்வில் மாணவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தைத் தரும். ஒரு கல்லூரியை 12ஆவதாக எழுதினீர்கள் என்பதற்காக, உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதை முதலாவதாக எழுதி உங்களிடமிருந்து பறிக்க முடியாது. மேலே எட்டாத கல்லூரியைப் போட்டால் ஒன்றும் குறையாது. கிடைக்கும் கல்லூரியை மேலே போட்டாலோ, அதற்குக் கீழே எழுதிய நல்ல இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது.

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் ஒதுக்கீடே இல்லாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறார்கள். அதற்குள் நல்ல இடங்கள் போயிருக்கும். உங்கள் தரவரிசைக்குச் சற்று மேலே, சமமாக, நன்றாகக் கீழே என்று மூன்று அடுக்காகப் போட்டால் நாற்பது ஐம்பது எளிதாக வரும். சேரவே மாட்டேன் என்ற கல்லூரியை மட்டும் எழுதாதீர்கள்.

பதிவதற்கு முன் தாளில் கல்லூரிக் குறியீடு, பிரிவுக் குறியீடு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உள்ளன. கிண்டி பொறியியல் கல்லூரி 1, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி 2, எம்.ஐ.டி. 4. சில பிரிவுகள் வழக்கமான முறையிலும், கட்டணம் கூடுதலான சுயநிதி முறையிலும் தனித்தனிக் குறியீட்டோடு இருக்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்றிருந்தால் கட்டணத்தை விசாரியுங்கள். பட்டியலைப் பூட்ட வரும் ஓ.டி.பி. உங்கள் சொந்த கைபேசிக்கு வர வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தவர்கள், கடைசி நாளில் கடை பூட்டியிருந்தால் மாட்டிக்கொள்கிறார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தால் எதைத் தேர்வு செய்வது?
– மாணவர், கடலூர்

வந்த இடமே திருப்தி என்றால் ஏற்றுச் சேர்வது. இதையும் வைத்துக்கொண்டு மேலே முயல வேண்டுமென்றால் ஏற்று மேல்நோக்கிக் காத்திருப்பது. இரண்டாவதில் உங்கள் பட்டியலில் இந்த இடத்துக்கு மேலே எழுதியவை மட்டுமே பார்க்கப்படும். மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் மனமாரப் போகத் தயாரா என்று யோசித்த பிறகே அழுத்துங்கள். மறுத்துவிட்டு மேல்நோக்கிக் காத்திருந்தால் கையில் எதுவும் இருக்காது. பதிலே சொல்லாமல் கெடுவைத் தவறவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: ஒதுக்கீடு ரத்தாகும்.

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். ஏழாம் வகுப்பு மட்டும் அரசு உதவிபெறும் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா?
– மாணவி, கள்ளக்குறிச்சி

கிடையாது. 6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் தகுதி பெறுவர். உங்களுக்குப் பொதுக் கலந்தாய்வு வழி திறந்தே இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லையென்றால் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றை இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை செல்லாது.

பி.ஆர்க். சேர இதே விண்ணப்பமா?
– மாணவர், சேலம்

இல்லை, அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தரவரிசை. நாட்டா போன்ற கட்டடக்கலைத் தகுதித் தேர்வு மதிப்பெண் கட்டாயம். பி.இ., பி.டெக். படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு 2007-08 முதல் கிடையாது.