நாயோடு ஊருக்கா? முதலில் ஊசிப் புத்தகத்தை எடுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு நாயைக் காரில் கூட்டிப் போக சான்றிதழ் ஏதாவது வேண்டுமா?

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் தேடுவது பாட்டிலைத்தான். நாய்க்குச் சான்றிதழ் கேட்டு மறித்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஊசிப் புத்தகம் வண்டியில் இருக்கட்டும். போன இடத்தில் யாரையாவது கடித்துவிட்டால் முதல் கேள்வியே ரேபிஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதுதான், அப்புறம் பத்து நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்கவும் சொல்வார்கள்.

பாரிசில் இருக்கும் மகளிடம் எங்கள் ஜிம்மியைக் கொண்டுபோக வேண்டும். போன மாதம் ரேபிஸ் ஊசி போட்டாயிற்று, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப் மட்டும் பாக்கி. அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போடலாமா?

போடாதீர்கள். பாண்டியில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். முதலில் சிப், பிறகுதான் ஊசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி ஐரோப்பியக் கணக்கில் சேராது. ஆகவே இன்றே 15 இலக்க ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) சிப் வைத்து, ரேபிஸ் ஊசியை மறுபடி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு-வாவது (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். அதற்கும் மேல் மூன்று மாதம் காத்திருப்பு. நல்லவேளை, அது ரத்தம் எடுத்த நாளிலிருந்து கணக்கு, ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இல்லை. கடைசியாகச் சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தில் சான்றிதழ். எடுத்த பத்து நாளுக்குள் பாரிசில் போய் இறங்கிவிட வேண்டும். ஆக நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஒரு லாப்ரடாருக்குச் சிப் எண்ணைப் புத்தகத்தில் எழுதும்போது 6 இருந்த இடத்தில் 8 எழுதிவிட்டேன். நாய்க்காரர் வீட்டில் சரிபார்த்ததால் தப்பித்தேன். டாக்டர் ஸ்கேனரை நாயின் கழுத்தில் வைக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று எண்ணை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

விழுப்புரத்தில் ரயில் ஏறி மதுரை போகிறோம். ஏசி மூன்றாம் வகுப்பில் மடியில் வைத்துக்கொள்ளலாமா, சின்ன நாய்தான்?

முடியாது. ஏசி இரண்டு, மூன்று, ஸ்லீப்பர் எதிலும் இல்லை. ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபேயோ நான்கு படுக்கை அறையோ முழுதாக உங்கள் பேரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. எப்படிப் போனாலும் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், ஓரிரு நாள் முன்னால் டாக்டரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்றும் கையில் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் அந்தக் கூண்டில் நான் என் நாயை ஏற்ற மாட்டேன்.

எங்கள் பக் காரில் வாந்தி எடுக்கிறது. மயக்க ஊசி போட்டுக் கூட்டிப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுவிடுவதே சிரமம், அதில் மயக்கமும் சேர்ந்தால் ஆபத்து. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். டீக்கடையில் இறங்கும்போது வேப்பமர நிழல்தானே என்று காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். சூடு தாக்கி எச்சில் கெட்டியாக வழிந்து நாக்கு நீலம் பாய்ந்தால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஏசியை முகத்துக்கு நேரே திருப்பி, பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கு வண்டியை விடுங்கள்.