ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 64, நீரிழிவு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்து, அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாய் வைத்தார்கள். இப்போது கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மருத்துவர் இதய எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார். எம்ஆர்ஐ கருவியின் காந்தம் ஸ்டென்ட்டை இழுத்துவிடாதா? பழைய அடைப்பு திரும்பியிருந்தால் இதில் தெரியுமா?

பதில்: இழுக்காது. இன்றைய இதய ஸ்டென்ட்டுகள் கோபால்ட்-குரோமியம் போன்ற உலோகக் கலவைகளால் ஆனவை. மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள 1.5, 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) கருவிகள் அவற்றை அசைப்பதில்லை. ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். நான் கேட்க விரும்புவது வேறு: அப்பா கப்பல் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவரா? கண்ணில் இரும்புத்தூள் தங்கியிருந்தால் அதுதான் ஆபத்து. மறைக்காமல் சொல்லுங்கள்; முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடைப்பு விஷயத்துக்கு வருவோம். இதயத்தின் ரத்தக்குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். துடிப்போடும் மூச்சோடும் ஆடிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஸ்டென்ட்டின் உலோகம் படத்தில் அந்த இடத்தைக் கருப்பாக்கிவிடும். குழாயின் உட்புறத்தை நேராகப் பார்க்க சிடி ஆஞ்சியோகிராமோ, கம்பி செலுத்தும் ஆஞ்சியோகிராமோதான் சரி.

எம்ஆர்ஐயின் பலம் இதயத் தசையில். காடோலினியம் என்ற மருந்தை ஊசிவழி செலுத்திப் பத்து நிமிடம் போலக் காத்திருந்தால், நல்ல தசையிலிருந்து அது வடிந்துவிடும். செத்துப்போன தசையில் தங்கி வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பு விட்ட வடு உள்விளிம்பில் தொடங்கி வெளிப்பக்கம் பரவும். வேறு இதயத் தசை நோய்களில் வடுவின் அமைப்பு பெரும்பாலும் மாறியிருக்கும். மூச்சுவாங்கலுக்குக் காரணம் தேட இது பெரிய துப்பு. வடு தசைச்சுவரின் பாதிக்கு மேல் ஊடுருவியிருந்தால், குழாயைத் திறந்துவிட்டாலும் அந்தப் பகுதி மீளும் வாய்ப்பு குறைவு. இன்னொரு ஸ்டென்ட்டா, பைபாஸா, மாத்திரை போதுமா என்ற பேச்சில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தக்குழாய்ச் சுவரையே எம்ஆர்ஐயில் பார்ப்பதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் கழுத்தில். அந்தக் குழாய் பெரியது, அதிகம் ஆடாது. ஓடும் ரத்தத்தைக் கருப்பாக்கிச் சுவரை மட்டும் எடுத்துக்காட்டும் முறையில், கொழுப்புப் படிவுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்றுகூடத் தெரியும். அதற்காக "கழுத்தையும் சேர்த்து எடுங்கள்" என்று கேட்க வேண்டாம்; தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டில் தொடங்குவதே முறை.

நீரிழிவுக்காரர் என்பதால் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவையும் கொண்டுபோங்கள். உள்ளே முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், வீட்டிலேயே பழகட்டும். அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும்.

மருத்துவரிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: வடு மட்டும் பார்க்கிறார்களா, மருந்து கொடுத்து ரத்த ஓட்டமும் பார்க்கிறார்களா? இரண்டாவது என்றால் ஸ்டென்ட் குழாய் போதிய ரத்தம் தருகிறதா என்பது மறைமுகமாகத் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய 24 மணி நேரம் கோப்பி, தே தாரிக், கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. ஆஸ்துமா இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்; ரத்த ஓட்டம் பார்க்கக் கொடுக்கும் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.