மாதம் 350 வெள்ளி எங்கே போகிறது?

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது): ஐயா, எனக்கு 44 வயது. சிங்கப்பூரில், துவாஸில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், மசே நிதி (மத்திய சேம நிதி) பிடித்தம் போகக் கையில் 4,600 வெள்ளி வருகிறது. ஈசூனில் வீடு. 2023இல் மனைவியின் அண்ணனிடமிருந்து அவருடைய பழைய மெர்சிடிஸ் இ-கிளாஸை வாங்கினேன். 2011இல் பதிவான கார்; 2021இல் அவர் 45,000 வெள்ளி கட்டி சிஓஇயை (கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார். இப்போது வலது முன் சக்கரம் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது, பிரேக் பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கார் கம்பெனி ஏஜென்ட்டில் புது கேலிப்பர், டிஸ்க், பேட் எல்லாம் சேர்த்து 5,900 வெள்ளி சொன்னார்கள். காக்கி புக்கிட்டில் ஒரு மெக்கானிக், முன்பக்க கேலிப்பர் இரண்டையும் பிரித்துச் சரிசெய்து, டிஸ்க், பேட், பிரேக் ஆயில் மாற்றி 1,350 என்கிறார். மச்சானோ, “பென்ஸுக்கு ஒட்டுவேலை பார்க்காதே, பெரிய பிரேக் செட்டாகவே போட்டுவிடு. 4,800தான், வட்டியில்லாமல் 12 மாதத் தவணை” என்கிறார். எதைச் செய்வது? அக்டோபர் இன்ஸ்பெக்‌ஷன் வரை தள்ளிப்போடலாமா? ஏற்கெனவே காரின் பழைய ரிப்பேர்களுக்காக கிரெடிட் கார்டில் 7,200 இருக்கிறது. பேலன்ஸ் டிரான்ஸ்பர் (கட்டணம் கட்டி, கடனைச் சில மாதம் வட்டியில்லாமல் வேறு வங்கிக்கு மாற்றுவது) செய்து மாதம் 350 ஒழுங்காகக் கட்டியும் குறையவே இல்லை. அவசரத்துக்கென்று 3,000 வெள்ளி வைத்திருக்கிறேன், அதைத் தொட மனமில்லை. காரை விற்கச் சொல்லிவிடாதீர்கள். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அதுதான் வசதி.

பதில்: தள்ளிப்போடாதீர்கள். காரைப் பற்றி எழுதுவது என் வேலையில்லை என்றாலும், சக்கரம் சூடாகும் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு அக்டோபர் வரை ஓட்டலாமா என்று கேட்பவருக்குச் சொல்ல வேறு பதில் இல்லை. பிடித்த பிடியை விடாத பிரேக்கின் சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால், மிதிக்கும்போது பெடல் பஞ்சாக உள்ளே போகும். இந்த வாரமே செய்யுங்கள்.

காக்கி புக்கிட்டில் செய்யுங்கள். கேலிப்பர் என்பது பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் ஓர் இரும்புக்கூடு, அதற்குள் ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி ரப்பர் வளையம். பதினைந்து வருடத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த ரப்பர்தான். அது இறுகிவிட்டாலோ, கேலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்துவிட்டாலோ, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ரப்பரை மாற்றி, பிஸ்டனைத் துடைத்துப் பார்த்து, துருப் பள்ளம் விழுந்திருந்தால் பிஸ்டனையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஏஜென்ட் கடையில் இப்படி உட்கார்ந்து பிரிக்க மாட்டார்கள். முழுசாகக் கழற்றிப் புதிது போடுவார்கள். அதற்குத்தான் அந்த விலை.

மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸைப் பார்த்தாரா? பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளுக்குள் வீங்கிவிடும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்த பிறகு திரும்பி வராது. பார்க்க அப்படியே கேலிப்பர் கோளாறு மாதிரி இருக்கும். கேலிப்பருக்குக் காசைக் கொட்டிவிட்டு, கேலிப்பரோடு ஒப்பிட்டால் சில்லறை விலையில் கிடைக்கும் ஹோஸை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கையில் வாங்கிப் பாருங்கள். பின் பிரேக் அளவு சரியாக இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

பெரிய பிரேக் செட் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பந்தயக் காருக்கான பிரேக்கைப் போட்டு நீங்கள் எங்கே நிறுத்தப் போகிறீர்கள், புளோக் அடியிலா? வட்டியில்லாத் தவணை என்றாலும் மாதம் 400. வட்டி இல்லை என்பது, அந்த 400 உங்களிடம் இருக்கிறது என்றாகிவிடாது.

சரி, பிரேக் முடிந்தது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இன்னொரு வரி: “ஒழுங்காகக் கட்டியும் குறையவே இல்லை.” அதற்குக் காரணம் நீங்கள் இணைத்திருந்த கார்டு ஸ்டேட்மெண்ட்டிலேயே இருக்கிறது. ஏர்கான் கம்ப்ரசர் 1,900, கியர்பாக்ஸ் 3,200, டயரும் பேட்டரியும் 1,150. ஆக 6,250. இரண்டு வருடமாக மாதம் 350 கட்டியிருக்கிறீர்கள், அது 8,400. கடன் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதே கார்டில் மாதம் எவ்வளவு பெட்ரோல் போடுகிறீர்கள் என்று கூட்டிப் பார்த்தேன். மாதாமாதம் 340, 355, 360. சராசரி 350!

அதாவது கடனுக்கு என்று நீங்கள் நினைத்துக் கட்டிய காசு முழுவதும் பெட்ரோலுக்குத்தான் போயிருக்கிறது. ரிப்பேர் கடனில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. 6,250 அப்படியே நிற்க, அதன் மேல் 950 ஏறியிருக்கிறது. பேலன்ஸ் டிரான்ஸ்பருக்கு மூன்று முறை கட்டணம், ஏறக்குறைய 450. போன வருடம் ஒரு வங்கியின் ஆறு மாதம் முடிந்து, அடுத்த வங்கி சம்மதிக்க இரண்டு மாதம் ஆயிற்றே, அப்போது ஆண்டுக்கு 27 விழுக்காடு கணக்கில் மாதம் 150, இரண்டு மாதத்துக்கு 300. மீதி 200 பெட்ரோலுக்கு விழுந்த வட்டி. பெரும்பாலான வங்கிகளில் கார்டில் பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்க்கும் காசுக்கு அந்த வட்டியில்லாத சில வாரச் சலுகை கிடையாது. அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். பம்ப்பில் கிடைக்கும் கார்டு தள்ளுபடியைப் பார்த்துத்தான் அதில் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தள்ளுபடியை ஒரு கையில் வாங்கி மறு கையால் வங்கிக்கே கொடுக்கிறீர்கள்.

இந்த ஆறு மாதக் கண்ணாமூச்சி எனக்கும் தெரியும். சின்ன வயதில் நானும் தேதியைக் குறித்து வைத்தேன், சரியாக அந்த வாரம் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்த வட்டி இன்னும் நினைவிருக்கிறது.

இனி அந்த கார்டில் பெட்ரோல் போடாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் போகும் நெட்ஸில் போடுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும். 7,200ஐ இன்னொரு பேலன்ஸ் டிரான்ஸ்பருக்கு மாற்றாமல் மூன்று வருடத் தனிநபர் கடனாக்குங்கள். உத்தேசமாக ஆண்டுக்கு 3 விழுக்காடு நேர்வட்டி என்று வைத்தால் மூன்று வருட வட்டி 648. மொத்தம் 7,848ஐ 36ஆல் வகுத்தால் மாதம் 218. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் அந்த 3ஐ நம்பிவிடாதீர்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மை வட்டி ஏறத்தாழ இருமடங்குக்குப் பக்கத்தில் வரும். அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்படியும் 27ஐவிட இது எவ்வளவோ பரவாயில்லை. பழைய கார்டை ரத்துசெய்துவிடுங்கள்; டிராயரில் வைக்கிறேன் என்ற கதை வேண்டாம்.

இதில் ஒரு வலி உண்டு. இதுவரை கடன், பெட்ரோல் இரண்டுக்கும் சேர்த்து 350 போயிற்று. இனி பெட்ரோலுக்கு 350, கடனுக்கு 218, ஆக 568. கூடுதலாக 218 எங்கிருந்து வரும்? கடிதத்தின் கடைசியில், போன் ஆப்பில் மாதம் 200 வெள்ளிக்கு அமெரிக்க டெக் பங்குகளைத் துண்டு துண்டாக வாங்குவதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். 27 விழுக்காடு வட்டிக்கு வாங்கி, 8 விழுக்காடு வருமா வராதா என்று தெரியாத இடத்தில் போடுவதற்கு முதலீடு என்று பெயர் வைக்க முடியாது. கடன் முடிந்ததும் தொடரலாம், அமெரிக்கா எங்கேயும் ஓடிவிடாது.

பிரேக்குக்கான 1,350ஐ அந்த 3,000இல் இருந்து எடுங்கள். தொட மனமில்லை என்பது புரிகிறது. ஆனால் பிரேக் பழுதான கார் அவசரம் இல்லை என்றால் வேறு எதுதான் அவசரம்? 1,650 மிச்சம் இருக்கும், அதை மெல்ல நிரப்பிக்கொள்ளலாம்.

நிரப்புவதற்கு மச்சானைத்தான் கேட்க வேண்டும். மாதத்தில் இரண்டு வாரக்கடைசி அவர் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மலேசியாவின் ஜோகூர் பாரு தாண்டிப் போய்வருகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் முக்கால் டாங்க் இருந்தாக வேண்டும், அதை நிரப்பிவிட்டுச் சாவி கொடுப்பதும் நீங்கள். காரை உங்களுக்கு விற்ற பிறகும் அவர் மனசில் அது அவர் கார்தான். அதனால்தான் உங்கள் பணத்தில் பெரிய பிரேக் போடச் சொல்கிறார். மாதம் 150 கேளுங்கள். சண்டை வேண்டாம், காக்கி புக்கிட் ரசீதை மேசைமேல் வைத்து, “மச்சான், இனி ரிப்பேரை ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்” என்றால் போதும். உங்கள் மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும், அவர் முன்னிலையில் பேசுங்கள். தரமாட்டேன் என்றால் சாவியும் இல்லை. அதோடு, உங்கள் காப்புறுதியில் ஓட்டுநராக அவர் பெயர் இருக்கிறதா? இல்லாவிட்டால் விபத்தில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கூடக்கூடும். அதை இன்றே பாருங்கள்.

விற்கச் சொல்லாதீர்கள் என்றீர்கள், சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிஓஇ தேய்மானம் ஆண்டுக்கு 4,500. 14 வருடம் தாண்டிய கார் என்பதால் 50 விழுக்காடு மிகைக்கட்டணத்தோடு சாலை வரி 1,450 அளவில். காப்புறுதி 1,300, வீவக (அரசு அடுக்குமாடி) கூரையுள்ள பார்க்கிங் 1,320, பெட்ரோல் 4,200, இரண்டு வருட ரிப்பேரின் பாதி 3,100. மொத்தம் 15,900 பக்கத்தில் வருகிறது. மாதம் 1,300க்கு மேல், கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டுகிறது. இன்னொரு பக்கம், சிஓஇயில் நாலரை வருடம் மிச்சம் இருப்பதால் இன்று பதிவை ரத்துசெய்தால் விகிதப்படி 20,000 வெள்ளி அளவுக்குத் திரும்ப வரும். மாதாமாதம் அதில் 375 கரைகிறது. அம்மாவுக்கு மாதம் இரண்டு மருத்துவமனைப் பயணம் என்றால் டாக்சிக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பத்து வருடம் கடந்த காருக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஆண்டுதோறும் வரும். இந்த அக்டோபரில் பாஸானால் ஓட்டுங்கள். அடுத்த பெரிய ரிப்பேர் 2,000க்கு மேல் சொன்னால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால். இப்போதைக்கு மெக்கானிக்குக்குப் போன் போட்டு அந்த ஹோஸைக் கேளுங்கள்.