படகில் நான் வாய் திறக்கவில்லை என்று கோபிக்கிறார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் சவுதாம்ப்டனில் இருக்கிறோம். கல்யாணமாகி 22 வருடம். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போனபின் இவர் 27 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கினார். வல்வெட்டித்துறைக்காரர், 1938இல் அவருடைய ஊரின் அன்னபூரணிக் கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய் விரித்துப் போனதைச் சொல்லாத நாளில்லை. எனக்கும் படகு பிடித்துத்தான் இருந்தது.

ஏப்ரல் நடுவில் லிமிங்டனிலிருந்து பூலுக்குப் போனோம். தென்மேற்குக் காற்று. வெயில் எறித்தும் குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும், மேலே ஒரு மழைச்சட்டையும் போட்டிருந்தேன். நீடில்ஸ் பாறைகளுக்குப் பக்கத்தில் அலை சுவர் மாதிரி எழும்பியது. "முன்பாய்க் கயிற்றை விடு" என்று இவர் கத்துகிறார். என் விரல்கள் விரியவே இல்லை. படகு சரிந்தது. இவரே பாய்ந்து வந்து அவிழ்த்தார். திரும்பிப் போவோம் என்று கேட்டேன். "இனி ஏலாது" என்றார். அதன்பின் பூல் போய்ச் சேரும்வரை நான் ஒன்றும் கதைக்கவில்லை. "ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய், கடலில் கோபம் காட்டாதே" என்றார். அது கோபமா, பயமா என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

மே மாதக் கடைசி விடுமுறைக்கு வேமத் போக ஆயத்தப்படுத்துகிறார். வரவில்லை என்றால் அவர் ஆசையைக் கெடுத்தவள் ஆவேன். போனால் அதே நாள் திரும்ப வரும். என்ன செய்ய?

அன்புள்ள தங்கைக்கு,

கோபமா, பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது குளிர். உடல் குளிரும்போது நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. முன்கைத் தசைகள் குளிர்ந்துவிட்டால் விரல்கள் சொன்னபடி கேட்காது. அடுத்துப் பேச்சு குறையும், நடை தடுமாறும், சிடுசிடுப்பு வரும், யோசனை மந்தமாகும். கயிற்றை விட முடியாத கையும் திறக்காத வாயும் ஒரே காரணத்தால் வந்திருக்கலாம். உங்கள் கணவர் பிணக்கென்று எண்ணியது உண்மையில் ஒரு எச்சரிக்கை. இதை அவரோடு கரையில், சூடான அறையில் இருந்து கதையுங்கள். "எனக்குக் கோபமில்லை, கை வேலை செய்யவில்லை" என்று தொடங்கினால் அவர் காது கொடுப்பார்.

கரையில் பூப்பூத்தாலும் ஏப்ரலில் ஆங்கிலக் கால்வாயின் தண்ணீர் 9, 10 பாகைதான். காற்று 8 பாகை என்றாலும் 20 நொட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் அடிக்கும்போது தோலுக்கு 3, 4 பாகைபோல் உறைக்கும். நனைந்த பருத்தி தண்ணீரைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஜீன்ஸ் அதில் மிக மோசம். உடலோடு ஒட்டிய கம்பளி அல்லது தெர்மல், அதன்மேல் தடித்த ஃப்ளீஸ், வெளியே தோள்வாரோடு கூடிய நீர்புகாக் காற்சட்டையும் மேலங்கியும், கம்பளிக் காலுறை, பூட்ஸ். கைக்கு, மெல்லிய கம்பளிக் கையுறைமேல் மீன்பிடிகாரர் போடும் ரப்பர் கையுறை. ஃபிளாஸ்கில் சூப்பைப் புறப்படுமுன்னரே நிரப்புங்கள். அலையில் கீழே இறங்கி அடுப்பு மூட்டினால் குமட்டல் வரும்.

இன்னொரு விஷயம் இருக்கையில் இருக்கிறது. சுக்கான் பிடிப்பவருக்குக் கண் தொடுவானத்தில், உடல் அசைவில், வரும் அலை முன்கூட்டியே தெரியும். சும்மா இருப்பவருக்குத்தான் குளிரும் குமட்டலும் முதலில் வரும். அரை மணிக்கு ஒருமுறை சுக்கானை மாற்றிக்கொள்ளுங்கள். இது உங்கள் பாதுகாப்புக்கும் வேண்டும்: இருவர் மட்டுமே உள்ள படகில் அவர் தண்ணீரில் விழுந்தால் மீட்க உங்களைத் தவிர ஆளில்லை. அந்தக் குளிர்நீரில் முதல் ஓரிரு நிமிடம் மூச்சுத் திணறும். பத்து நிமிடம் போலத்தான் கைகால் பயன்படும். இயந்திரத்தை முடுக்குவது, பாயைத் தளர்த்துவது, வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது மூன்றையும் கட்டுத்துறையிலேயே உங்கள் கையால் செய்து பழகுங்கள். இருவரும் உயிர்காப்பு அங்கியும், படகோடு கொளுவும் பட்டியும் போடுங்கள்.

கத்தலைப் பற்றி: காற்று குரலை அள்ளிக்கொண்டு போகும், அதனால் கேட்க வைக்கவே கத்த வேண்டியிருக்கும். கேட்பவருக்கு அது திட்டாகவே விழும். மூன்று கைச்சைகைகளை முடிவு செய்யுங்கள்: விடு, இழு, நிறுத்து. "விடு" என்பதற்கு விரித்த உள்ளங்கை போதும்.

"இனி ஏலாது" என்று அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். கடல் வற்றும்போது மேற்கே போகும் வற்றோட்டத்தில் நீங்கள் போயிருப்பீர்கள். பூரணை, அமாவாசையை ஒட்டிய பெருநீரோட்ட நாளில், லிமிங்டனுக்கும் நீடில்ஸுக்கும் இடையே ஹேர்ஸ்ட் கோட்டை முனையின் ஒடுக்கத்தில் அது 4 நொட்டைத் தாண்டும். 5 நொட் போகும் படகு அதை எதிர்த்துத் திரும்பினால் மணிக்கு ஒரு கடல்மைல் ஊர்வதே பெரிது. அந்த ஓட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று வீசியதால்தான் அலை சுவராய் எழும்பியது. ஆகவே "போதும்" என்ற சொல்லுக்கு வரைபடத்தில் ஓர் இடம் வேண்டும்: ஹேர்ஸ்டுக்கு முன். அங்கே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கேளுங்கள்: விரல் மடங்கி விரிகிறதா, குமட்டல் உண்டா, போகலாமா? ஒருவர் வேண்டாம் என்றால் இடப்பக்கம் யார்மத் துறைமுகம் கிட்டவே இருக்கிறது. காரணம் கேட்கக் கூடாது. இந்த உடன்பாட்டை வீட்டிலேயே செய்யுங்கள். அலைக்குள் எந்த உடன்பாடும் நடக்காது.

வேமத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பூலைவிட அது மிகத் தூரம். வழியில் செயின்ட் ஆல்பன்ஸ் முனையில் கொந்தளிப்பும் உண்டு. காற்று 3ஆம் விசைக்குள் (10 நொட் வரை), நீரோட்டம் தணிந்த நாளொன்றில் லிமிங்டனிலிருந்து யார்மத்துக்கு நீங்கள் சுக்கான் பிடித்துப் போங்கள். நாலு மைல் போலத்தான். கயிறு அவர் கையில் இருக்கட்டும். சோழகத்துக்கும் வாடைக்கும் காத்திருந்து கப்பல் ஓட்டிய ஊர் அவருடையது. நல்ல காற்றுக்குக் காத்திருப்பது அவருக்கு இழுக்கல்ல என்பதை நீங்கள் அன்பாகச் சொன்னால் விளங்கும்.

எல்லாம் செய்தும் அவர் உங்கள் "போதும்" என்பதை மதிக்கவில்லை என்றால், அது படகைப் பற்றிய பிரச்சினை இல்லை. அப்போது தயங்காமல் திரும்ப எழுதுங்கள்.