வெள்ளிப் பெசோவில் வாங்கிய பங்கு: இன்று யாரிடம் என்ன கேட்கலாம்?

மனிலாவில் குடும்பத்தோடு இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் மனைவியின் கொள்ளுத்தாத்தா பெயரில் பாங்கோ எஸ்பான்யோல் ஃபிலிப்பினோவின் 200 பெசோ பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்துள்ளது. அது வெள்ளிப் பணம் இருந்த காலத்துப் பத்திரம். அமெரிக்கர்கள் வந்து தங்க நாணயத்துக்கு மாற்றியதால் குடும்பத்துக்கு நஷ்டம் என்கிறார்கள். அந்த வெள்ளியின் மதிப்பை இப்போது கேட்க முடியுமா?"

முடியாது. அன்று அங்கே புழங்கிய மெக்சிகன் வெள்ளிப் பெசோவில் 200 என்றால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ சுத்த வெள்ளி. ஆசை வருவது இயல்புதான். ஆனால் பங்கு என்பது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன் கிடையாது. வைப்புத்தொகை போட்டிருந்தால், எந்தப் பணத்தில் திருப்பித் தர வேண்டும் என்று வாதாட இடமுண்டு. பங்குதாரருக்கு இருப்பது வங்கியில் ஒரு பாகம். 1851இல் ஸ்பானிய அரசாணையால் அமைந்தபோது அதன் மூலதனம் 4 லட்சம் பெசோ, 200 பெசோ வீதம் 2,000 பங்குகள். ஒரு பங்கு இரண்டாயிரத்தில் ஒன்று. எல்லாப் பங்குக்கும் ஒரே விகிதத்தில் மாற்றினால், முகமதிப்பு (பத்திரத்தில் எழுதிய தொகை) வெள்ளியில் இருந்தாலும் தங்கத்தில் இருந்தாலும் அந்தப் பாகம் மாறாது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1903 மார்ச் 2இல் கொண்டுவந்த சட்டம் பெசோவை 12.9 கிரெயின் (ஒரு கிராமுக்கும் குறைவு) தங்கத்தோடு கட்டி, இரண்டு பெசோவுக்கு ஒரு டாலர் என்று வைத்தது. மெக்சிகன் பெசோவின் விலையோ வெள்ளிச் சந்தையோடு ஏறி இறங்கியது. பழைய மூலதனத்தை அன்றைய விலைக்குப் புதிய பணத்தில் எழுதினால் தொகை குறையலாம். இதில் பாதிக்கப்படக்கூடியவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். மூலதனம்தான் அவருக்கு ஜாமீன். அதனால்தான் இதை இயக்குநர்களின் தீர்மானத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பேன். அரசு தந்த சாசனத்தால் அமைந்த வங்கி என்றால் சட்டமியற்றுபவர்தான் கை வைக்க வேண்டும். இந்த வங்கியின் சாசனமும் 1907இல், அமெரிக்க ஆட்சியில் அங்கே சட்டமியற்றிய பிலிப்பைன் கமிஷனின் 1790ஆம் எண் சட்டத்தின் கீழ் வந்தது. இன்றும் இதே கவலை தொடர்கிறது: பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் பங்கின் நாணயத்தை மாற்ற அனுமதிக்கிறது, ஆனால் அதையொட்டி மூலதனத்தைக் குறைப்பதற்குப் பத்து சதவீத வரம்பு வைத்திருக்கிறது.

சரி, அப்படியானால் பத்திரம் வெறும் காகிதமா? அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். அந்த வங்கி மூடப்படவில்லை. 1912இல் பேங்க் ஆஃப் த பிலிப்பைன் ஐலண்ட்ஸ் என்று பெயர் மாறி, இன்றும் பிலிப்பைன் பங்குச் சந்தையில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது பங்குப் பதிவேட்டை. கொள்ளுத்தாத்தா உயிரோடு இருந்தபோதே விற்றிருந்தால், வீட்டில் மிஞ்சியது ரத்தான பத்திரமாக இருக்கலாம். அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். மாற்றிக் கொடுத்த கையெழுத்தோ முத்திரையோ இருக்கலாம்.

பத்திரத்தின் இரு பக்கமும் நகலெடுத்து, பங்குப் பதிவேட்டின் நிலையை எழுத்துமூலம் கேட்டு வங்கிக்கு மனைவியின் பெயரில் கடிதம் போடுங்கள். பெயர் இருக்கிறது என்று பதில் வந்தால், அப்புறம் வாரிசுரிமை வேலை: பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள் தலைமுறைவாரியாக, மற்ற வாரிசுகளின் சம்மதம், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரிக் கணக்கு. இதற்கு மனிலாவில் வழக்கறிஞர் தேவை. மூலப் பத்திரத்தை மட்டும் எந்தத் தரகரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.