நாடு கடத்தல் வழக்கில் வழக்கறிஞரை யார் தருவது?

கேள்வி: அமெரிக்காவில் திருட்டு வழக்கில் சிக்கியவருக்குக்கூட, வசதி இல்லையென்றால் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. நாடு கடத்தப்படவிருப்பவருக்கு அந்த உதவி கிடையாது என்பது உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான். 1963-இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், கடுமையான குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவது அரசின் கடமையாயிற்று. ஆனால் நாடு கடத்தலை அந்நாட்டுச் சட்டம் தண்டனையாகக் கருதாமல் சிவில் நடவடிக்கையாகவே கருதுவதால், அந்தக் கடமை இங்கே செல்லுபடியாவதில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொள்ளும் குடிவரவுச் சட்டம், அது அரசுக்குச் செலவில்லாமல் நடக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது.

எதிர்த்தரப்பில் அரசு வழக்கறிஞர் நிற்கிறார். விசாரிக்கும் நீதிபதியும் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ்ப் பணிபுரிபவர். தடுப்புக்காவலில் இருப்பவரோ, சொந்த நாட்டில் ஆபத்து என்று பாதுகாப்புக் கோரும் அடைக்கல விண்ணப்பத்தை ஆங்கிலத்தில், பொதுவாக நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள், தாக்கல் செய்தாக வேண்டும். ஊரில் கொடுத்த போலீஸ் புகாரின் நகல் தாய்மொழியில் இருந்தால், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிச் சான்றும் இணைக்கப்பட வேண்டும். உள்ளே அடைபட்டிருப்பவர் இவற்றை யாரிடம் போய் வாங்குவார்? 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை ஆராய்ந்த ஆய்வொன்று, தடுப்புக்காவலில் இருந்தவர்களில் 14 சதவீதத்தினருக்கே வழக்கறிஞர் கிடைத்ததாகக் கண்டது. குழந்தைகள்கூடத் துணையின்றி நீதிபதியின் முன் நிற்க நேர்கிறது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: இதற்கு மாற்று வழியே இல்லையா? வரிப்பணத்தை இதற்குச் செலவிடலாமா? (அதே வாசகர்)

பதில்: வழி இருக்கிறது, நியூயார்க் நகரம் அதைச் செய்து காட்டியது. இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ராபர்ட் காட்ஸ்மன் விடாமல் எடுத்த முயற்சியின் பயனாக, 2013-இல் நகர மன்றத்தின் நிதியில், வாரிக் தெரு குடிவரவு நீதிமன்றத்தில் தடுப்புக்காவலில் இருக்கும் ஏழைகளுக்காக வாதாடும் திட்டம் தொடங்கியது. நீதி முறையை ஆராயும் வேரா நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அங்கே வழக்கறிஞர் இல்லாதவர்களில் 4 சதவீதத்தினரே முன்பு வென்றிருக்க, திட்டத்தின் உதவி பெறுபவர்களில் 48 சதவீதத்தினர் வெல்வர் என்று கணிக்கப்பட்டது.

செலவைப் பற்றிய தங்கள் ஐயம் நியாயமானதே. ஆயினும் வழக்கறிஞர் யாரையும் சட்டத்திடமிருந்து ஒளித்து வைப்பதில்லை. தங்கியிருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர், அந்த உரிமை இருப்பதே தெரியாமல் விமானம் ஏற்றப்படுவதைத்தான் அவர் தடுக்கிறார். வழியே இல்லாதவருக்கு அதை முதலிலேயே எடுத்துச் சொல்லவும் செய்கிறார். பிறந்த ஊரில் உயிருக்கு ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்யும் வழக்கில் இதைவிடத் தேவையான செலவு எது என்று எனக்குத் தெரியவில்லை. நகரங்களும் மாநிலங்களும் தங்கள் சொந்த நிதியில் இதைச் செய்வதற்குக் குடிவரவுச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் நகர மன்றம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கினால்தான் திட்டம் தொடரும்; அத்தகைய ஏற்பாடில்லாத ஊரில் பிடிபட்டவருக்கு இன்றும் தன்னார்வ வழக்கறிஞர்களை விட்டால் வேறு கதியில்லை.